ஈஸ்ட் செல் தன் வகையை மாற்றிக்கொள்வது எப்படி?



போன தவணையில் என் ஐந்தாம் படிவ மாணவர்களுக்குக் கருத்துணர்தல் பகுதிக்காக ஒரு பனுவலை நானே எழுதிக் கொடுத்தேன். எப்போதும் ஒரே மாதிரியான பனுவலையே கொடுக்கிறோமே, ஒரு மாறுதலுக்கு அறிவியல் கொடுத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டைப் பற்றிய பனுவல் அது. அதில் ஒரு வரி இப்படி இருந்தது: ‘ஈஸ்ட் செல் மரபணு மாற்றத்தின்வழி தன் வகையை மாற்றிக்கொள்கிறது.’

உயிரியல் பாடம் எடுக்கும் ஒரு மாணவன் கையைத் தூக்கினான். “டீச்சர், மரபணு மாறிப்போச்சுன்னா பழையது போயிடுச்சுதானே? அப்புறம் எப்படி அது மறுபடியும் பழைய வகைக்கே திரும்பி வருது?”

என்னிடம் பதில் இல்லை. “நல்ல கேள்வி, அடுத்த வாரம் சொல்றேன்” என்று சமாளித்துவிட்டு, வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். படித்தபோது இரண்டு விஷயங்கள் புரிந்தன. ஒன்று, அந்த மாணவன் கேட்டது அறிவியலாளர்கள் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் விடை தேடிய அதே கேள்வி. இன்னொன்று, நான் எழுதிய வரி பிழையானது. ‘மரபணு மாற்றம்’ என்று இரண்டே சொல்லில் போகிறபோக்கில் எழுதிவிட்டேன். அங்கே உண்மையில் எது மாறுகிறது, எது மாறாமல் இருக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை.

அந்த வரியைத் திருத்துவதற்காகத்தான் இந்தக் கட்டுரை. வகுப்பில் வாசிப்புப் பகுதியாகவும் பயன்படுத்திக்கொள்ளலாம். இறுதியில் கலைச்சொற்களும் பயிற்சி வினாக்களும் உள்ளன.

1. ஈஸ்ட்டில் இரண்டு வகை

ஆப்ப மாவிலும் ரொட்டி மாவிலும் பழுப்பு நிறத்தில் குட்டிக் குட்டி மணிகளாகப் போடுகிறோமே, அந்த ஈஸ்ட்டின் அறிவியல் பெயர் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. பூஞ்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரே ஒரு செல்தான் அதன் முழு உடல். அந்தச் செல்லின் குறுக்களவு ஏறக்குறைய 5 மைக்ரோமீட்டர். அதாவது, ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 200 செல்களை வரிசையாக நிறுத்தலாம்.

இவ்வளவு சிறியதாக இருந்தாலும், நம் செல்லைப் போலவே அதற்கும் உட்கரு உண்டு. உட்கருவில் 16 விதக் குரோமோசோம்கள், அவற்றில் சுமார் 6,000 மரபணுக்கள். உட்கரு உள்ள உயிர்களில் முதன்முதலாக மரபுத்தொகுதி முழுவதும் படித்து முடிக்கப்பட்டது ஈஸ்ட்டுக்குத்தான். அது 1996ஆம் ஆண்டில் நடந்தது.

ஈஸ்ட் இரண்டு நிலைகளில் வாழும். ஒவ்வொரு குரோமோசோமிலும் ஒரு படி மட்டும் இருந்தால் அது ஒற்றைமய நிலை. இரண்டிரண்டு படிகள் இருந்தால் இரட்டைமய நிலை. இரண்டு நிலையிலும் அது மொட்டுவிட்டுப் பெருகும். தாய் செல்லின் பக்கத்தில் ஒரு சிறு மொட்டு வளர்ந்து, பிரிந்து, சேய் செல் ஆகும். நல்ல உணவு கிடைத்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படிப் பிரியும்.

ஒற்றைமயச் செல்களில் இரண்டு வகைகள் உண்டு. ஒன்றுக்கு ‘ஏ’ என்று பெயர், மற்றொன்றுக்கு ‘ஆல்ஃபா’ என்று பெயர். ஏ வகைச் செல் ஆல்ஃபா வகைச் செல்லோடு மட்டுமே இணையும். இரண்டும் இணைந்தால் ஓர் இரட்டைமயச் செல் பிறக்கும்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. இதை விளக்கும்போது ‘ஆண் செல், பெண் செல்’ என்று சொல்லிவிடத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன். ஆனால் விந்துக்கும் முட்டைக்கும் இருப்பது போன்ற அளவு வேறுபாடு இங்கே கிடையாது. இரண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம். இரண்டும் சம பங்கைத்தான் கொடுக்கின்றன. ஆகவே, ‘இணைவு வகை’ என்று சொல்வதே சரி.

உருவத்தில் ஒன்றாக இருந்தால் ஒன்றையொன்று எப்படி அடையாளம் காண்கின்றன? ஒவ்வொரு வகையும் தன் வகைக்குரிய ஃபெரோமோனை வெளியே விடுகிறது. ஆல்ஃபா செல் விடுவது 13 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு குட்டிப் புரதத் துண்டு. ஏ செல்லின் மேற்பரப்பில் அதை உணரும் ஏற்பி இருக்கிறது. உணர்ந்ததும் ஏ செல் பிரிவதை நிறுத்திவிட்டு, சமிக்ஞை வரும் பக்கமாகப் பேரிக்காய் போல நீண்டு வளரும். எதிர்த்திசையிலும் இதே கதைதான்.

2. தனியாக விழுந்த ஸ்போர்

உணவு தீர்ந்துபோனால் இரட்டைமயச் செல் ஒரு பையைப் போல ஆகி, உள்ளே நான்கு ஸ்போர்களை உருவாக்கும். இரண்டு ஏ வகை, இரண்டு ஆல்ஃபா வகை. ஸ்போர் பஞ்சத்தைத் தாங்கக்கூடிய உருவம். ஒற்றைமயச் செல்லால் ஸ்போர் உண்டாக்க முடியாது.

இப்போது நினைத்துப் பாருங்கள். நான்கு ஸ்போர்களில் ஒன்று மட்டும் எங்கேயோ ஒரு பழத்தின் மேல் தனியாகப் போய் விழுகிறது. அது ஆல்ஃபா வகை என்று வைத்துக்கொள்வோம். முளைத்துப் பெருகினால் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாமே ஆல்ஃபாதான். இணைய ஆளில்லை. அடுத்த பஞ்சம் வந்தால் ஸ்போர் உண்டாக்க வழியில்லை.

ஆனால் இயற்கையில் வாழும் பல ஈஸ்ட்டுகளில் அப்படி நடப்பதில்லை. தனி ஸ்போரிலிருந்து வந்த கூட்டத்தில் சில செல்கள் தம் வகையை மாற்றிக்கொண்டு ஏ ஆகின்றன. உடனே பக்கத்தில் உள்ள ஆல்ஃபாவோடு இணைந்துவிடுகின்றன.

3. விடை தெரியாத கேள்வி

1943இல் அமெரிக்காவில் லிண்டெக்ரென் தம்பதியர், ஈஸ்ட்டின் இரண்டு இணைவு வகைகளும் தலைமுறை தலைமுறையாக மாறாமல் இருப்பதைக் காட்டினார்கள். ஆனால் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் ஓய்விண்ட் விங்கே கையாண்ட ஈஸ்ட்டுகளில், ஒரே ஒரு ஸ்போரிலிருந்தே இரட்டைமயச் செல்கள் வந்தன. இந்த வேறுபாட்டுக்கு ஒரே ஒரு மரபணுதான் காரணம் என்று 1949இல் விங்கேயும் கேத்தரின் ராபர்ட்ஸும் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுவை இன்று எச்.ஓ. என்று அழைக்கிறோம்.

எச்.ஓ. மரபணு வேலை செய்யாத ஈஸ்ட்டில் வகை மாறுவது மிக அரிது, பத்து லட்சம் செல்களில் ஒன்று என்ற அளவில்தான். எச்.ஓ. வேலை செய்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறலாம். இன்று ஏ, அடுத்து ஆல்ஃபா, மறுபடியும் ஏ.

இங்கேதான் என் மாணவனின் கேள்வி வருகிறது. டி.என்.ஏ.வில் தற்செயலாக ஏற்படும் திடீர் மாற்றம் இவ்வளவு அடிக்கடி நடக்காது. நடந்தாலும், எழுத்து எழுத்தாகப் பழைய நிலைக்குத் திரும்பி வராது. சிதைந்துபோன ஓலைச்சுவடி தானாகச் சரியாகுமா? அப்படியானால் ஈஸ்ட் மட்டும் எப்படித் திரும்பி வருகிறது?

4. கேசட் விளக்கம்

1971இல் ஜப்பானைச் சேர்ந்த யசுஜி ஓஷிமாவும் இசாமு தகானோவும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். வகையைத் தீர்மானிக்கும் ஏதோ ஒரு கூறு குரோமோசோமில் வேறோர் இடத்திலிருந்து வந்து சேருகிறது என்பது அந்தக் கருத்து. 1977இல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஹிக்ஸ், ஜெஃப்ரி ஸ்ட்ராதெர்ன், ஐரா ஹெர்ஸ்கோவிட்ஸ் ஆகிய மூவரும் அதைத் தெளிவான வடிவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கேசட் மாதிரி’.

வகுப்பில் இதைச் சொன்னபோது, “கேசட்னா என்ன டீச்சர்?” என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. என் வயதுக்காரர்களுக்கு அப்பாவின் காரில் பாட்டுக் கேட்ட ஞாபகம் இருக்கும். கேசட்டில் பாட்டு இருக்கும், ஆனால் தானாகப் பாடாது. பிளேயருக்குள் போட்டால்தான் பாடும். மேசை டிராயரில் எத்தனை கேசட் கிடந்தாலும், காதில் விழுவது பிளேயரில் இருப்பது மட்டும்தான்.

ஈஸ்ட்டின் மூன்றாவது குரோமோசோமில் அப்படி மூன்று இடங்கள் உள்ளன.

நடுவில் இருப்பது மேட் என்னும் இடம். இதுதான் பிளேயர். இங்கே எழுதியிருப்பது மட்டுமே படிக்கப்படும்.

இடப்பக்க ஓரத்தில் இருப்பது எச்.எம்.எல். இங்கே வழக்கமாக ஆல்ஃபா தகவல் இருக்கும்.

வலப்பக்க ஓரத்தில் இருப்பது எச்.எம்.ஆர். இங்கே வழக்கமாக ஏ தகவல் இருக்கும்.

ஆக, ஒவ்வொரு செல்லும், அது எந்த வகையாக இருந்தாலும், இரண்டு வகைத் தகவலையும் தன்னிடமே வைத்திருக்கிறது. மேட் இடத்தில் ஆல்ஃபா இருந்தால் இரண்டு புரதங்கள் உண்டாகும். ஒன்று ஆல்ஃபாவுக்குரிய மரபணுக்களை இயக்கும், மற்றொன்று ஏ வகைக்குரிய மரபணுக்களை அடக்கும். மேட் இடத்தில் ஏ இருந்தால் அடக்க ஆளில்லை, அதனால் செல் ஏ வகையாக நடந்துகொள்ளும். ஏறக்குறைய 650 அல்லது 750 எழுத்து நீளமுள்ள ஒரு சிறு பகுதிதான் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

இது வெறும் ஊகம் இல்லை என்பதைக் காட்டிய சோதனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஹிக்ஸும் ஹெர்ஸ்கோவிட்ஸும் மேட் இடத்தில் பழுதான ஆல்ஃபா மரபணு உள்ள செல்லை எடுத்தார்கள். அதனால் இணைய முடியாது. அந்தச் செல்லை ஏ வகைக்கு மாறவிட்டு, பிறகு மறுபடியும் ஆல்ஃபாவுக்கு மாறவிட்டார்கள். திரும்பி வந்த ஆல்ஃபா நல்ல ஆல்ஃபாவாக இருந்தது! பழுது காணாமல் போயிருந்தது. பழுதில்லாத ஒரு மூலப்படி அந்தச் செல்லுக்குள்ளேயே வேறெங்கோ இருந்தால்தான் இது முடியும். மாணவனின் கேள்விக்கு முதல் பாதி விடை இதுவே.

5. வெட்டி, அழித்து, நகலெடுப்பது

உவமை ஓரிடத்தில் உதைக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். நாம் டிராயரிலிருந்து கேசட்டையே எடுத்துப் பிளேயரில் போடுகிறோம். டிராயரில் அந்த இடம் காலியாகிவிடும். ஈஸ்ட்டில் மூலப்படி இருந்த இடத்தைவிட்டு அசையாது. அதன் நகல்தான் மேட் இடத்துக்கு வரும். பிளேயரில் இருக்கும் நாடாவில் பழைய பாட்டை அழித்துவிட்டு, அதன் மேலேயே வேறு பாட்டைப் பதிவது போல என்று சொன்னால் இன்னும் பொருந்தும்.

எப்படி நடக்கிறது? எச்.ஓ. மரபணு உண்டாக்கும் நொதி ஒரு கத்தரிக்கோல். மேட் இடத்தில் உள்ள ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசையைக் கண்டுபிடித்து, டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் வெட்டிவிடும். மாற்றம் இந்த வெட்டில்தான் தொடங்குகிறது என்று 1982இல் ஸ்ட்ராதெர்ன், பஞ்சாபில் பிறந்த இந்தியரான அமர் கிளார், ஹிக்ஸ் ஆகியோரின் குழு காட்டியது.

இரண்டு இழையும் அறுந்துபோவது எந்தச் செல்லுக்கும் ஆபத்து. ஒட்டாவிட்டால் செல் செத்துப்போகும். ஈஸ்ட் அந்த ஆபத்தைத் தானே வரவழைத்துக்கொள்கிறது. பிறகு பழுதுபார்க்கும் வேலை தொடங்குகிறது. அறுந்த முனையை ரேட்51 என்னும் புரதம் போர்த்திக்கொண்டு, தனக்கு ஒத்த வரிசை எங்கே இருக்கிறது என்று தேடும். மேட் இடத்தின் அக்கம்பக்க எழுத்துகள் எச்.எம்.எல்., எச்.எம்.ஆர். இரண்டிலும் அப்படியே இருப்பதால், அவற்றில் ஒன்றை அது கண்டுகொள்ளும். அதைப் பார்த்து நகலெடுத்து, பழைய பகுதியை நீக்கிவிட்டுப் புதியதை வைத்து மூடும். எல்லாம் முடிய ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

இந்தப் பழுதுபார்க்கும் முறை ஈஸ்ட்டின் தனிச்சொத்து அன்று. நம் செல்களிலும் ரேட்51 உண்டு. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் பி.ஆர்.சி.ஏ.2 என்னும் மரபணுவின் புரதம், ரேட்51 வேலை செய்யத் துணை நிற்பதுதான். ரொட்டிக் கடைப் பூஞ்சையை எதற்கு ஆராய்கிறார்கள் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம்.

6. மௌனம் காக்கும் குரோமாட்டின்

இப்போது அடுத்த கேள்வி. எச்.எம்.எல். இடத்தில் இருக்கும் ஆல்ஃபா தகவலும், மேட் இடத்துக்கு வரும் ஆல்ஃபா தகவலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. படிக்கத் தொடங்கு என்று சொல்லும் முன்பகுதிகூட ஒன்றுதான். அப்படியிருக்க, ஓரத்தில் இருப்பது ஏன் படிக்கப்படவில்லை?

டி.என்.ஏ. செல்லுக்குள் வெறும் நூலாகக் கிடப்பதில்லை. ஹிஸ்டோன் என்னும் எட்டுப் புரதங்கள் சேர்ந்த உருளையைச் சுற்றி, சுமார் 147 எழுத்து நீளத்துக்குச் சுருண்டிருக்கும். இப்படி உருளை உருளையாகச் சுற்றிய டி.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த பொருளே குரோமாட்டின். ஹிஸ்டோனின் வால் பகுதியில் அசெட்டைல் என்னும் சிறு வேதிக் குறி ஒட்டியிருந்தால், அந்த இடம் தளர்ந்து படிக்க வசதியாக இருக்கும். குறியை எடுத்துவிட்டால் இறுக்கமாக மூடிக்கொள்ள வழி பிறக்கும்.

எச்.எம்.எல்., எச்.எம்.ஆர். இரண்டின் இருபக்கத்திலும் ‘மௌனமாக்கி’ என்று சொல்லத்தக்க குறுகிய வரிசைகள் உள்ளன. அங்கே சில புரதங்கள் வந்து அமர்ந்து, சர் என்னும் புரதக் கூட்டத்தை அழைத்து வருகின்றன. சர்1, சர்2, சர்3, சர்4 என்று நால்வர். சர்1 தொடங்கிவைக்கும். சர்2 ஹிஸ்டோன் வாலில் உள்ள அசெட்டைல் குறியை வெட்டி எடுக்கும் நொதி. இந்த வேலை 2000ஆம் ஆண்டில்தான் தெரியவந்தது. குறி நீங்கிய வாலை சர்3, சர்4 பிடித்துக்கொள்ளும். பிடித்த இடத்துக்கு இன்னொரு சர்2 வரும், பக்கத்து வாலின் குறியை எடுக்கும். இப்படி அடுத்தடுத்துப் பரவி அந்தப் பகுதி முழுவதும் மூடிக்கொள்ளும்.

இந்த மூடலால் இரண்டு பயன்கள். ஒன்று, அங்கே உள்ள தகவல் படிக்கப்படாது. மற்றொன்று, எச்.ஓ. கத்தரிக்கோல் அங்கே வெட்ட முடியாது. கவனியுங்கள், அது தேடும் எழுத்து வரிசை அந்த இரண்டு இடங்களிலும் இருக்கிறது! மூடியிருப்பதால் மட்டுமே தப்பிக்கின்றன. ஆனால் பழுதுபார்க்க வரும் முனை அங்கே நுழைந்து நகலெடுக்க முடிகிறது.

மூடல் கெட்டுப்போனால் என்ன ஆகும்? சர் மரபணு பழுதான ஒற்றைமயச் செல்லில் ஏ, ஆல்ஃபா இரண்டு தகவலும் ஒரே நேரத்தில் படிக்கப்படும். செல் தன்னை இரட்டைமயச் செல் என்றே எடுத்துக்கொண்டு, இணைவதையே விட்டுவிடும். மரபணுவில் ஓர் எழுத்தும் குறையவில்லை, கூடவும் இல்லை. மௌனம் கலைந்ததுதான் கோளாறு.

தேர்வெழுதும் மாணவர்கள் இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மரபணு செல்லில் ‘இருப்பது’ வேறு, அது ‘செயல்படுவது’ வேறு. நம் கண்ணில் இருக்கும் செல்லிலும் கல்லீரலில் இருக்கும் செல்லிலும் ஒரே மரபணுத் தொகுதிதான். எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. சர்2 புரதத்தின் உறவுக்காரப் புரதங்கள் மனிதரிலும் ஏழு இருக்கின்றன.

7. தாய் மாறும், சேய் மாறாது

எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் மாறினால் பயனில்லை. எல்லாம் ஆல்ஃபாவாக இருந்தது போய், எல்லாம் ஏ ஆகிவிடும். மறுபடியும் இணைய ஆள் இருக்காது.

அதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஒருமுறையாவது மொட்டுவிட்ட தாய் செல் மட்டுமே எச்.ஓ. நொதியை உண்டாக்கும். புதிதாகப் பிறந்த சேய்க்கு அது கிடையாது. படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: ஓர் ஆல்ஃபா ஸ்போர் முளைத்துப் பிரிகிறது. தாய் ஒன்று, சேய் ஒன்று. இரண்டும் ஆல்ஃபா.

இரண்டாம் படி: அடுத்த பிரிவுக்கு முன், தாய் மட்டும் தன் மேட் இடத்தை வெட்டி, ஏ தகவலை நகலெடுத்துக்கொள்கிறது. டி.என்.ஏ. இரட்டிப்பதற்கு முன்பே இது நடப்பதால், பிறகு பிறக்கும் அதன் இரண்டாவது சேயும் ஏ ஆகிறது.

மூன்றாம் படி: இப்போது நான்கு செல்கள். தாயும் இரண்டாவது சேயும் ஏ. முதல் சேயும் அதற்குப் பிறந்த சேயும் ஆல்ஃபா.

நான்கே செல்லில் இரண்டு ஜோடி தயார். இணைந்து இரட்டைமயச் செல் ஆனதும் ஏ, ஆல்ஃபா ஆகிய இரண்டு வகைப் புரதங்களும் சேர்ந்து எச்.ஓ. மரபணுவையே அணைத்துவிடும். வேலை முடிந்ததும் கத்தரிக்கோலை உறையில் போட்டுவிடுகிறது.

சேய் மட்டும் ஏன் மாறுவதில்லை? ஆஷ்1 என்னும் புரதம் எச்.ஓ. மரபணுவை அடக்குகிறது என்று 1996இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் கண்டறிந்தன. அந்தப் புரதத்துக்கான செய்தி ஆர்.என்.ஏ.வை, தாய் செல் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் மொட்டின் நுனிக்கே அனுப்பிவிடுகிறது. செல்லுக்குள் இருக்கும் ஆக்டின் இழைகளின்மேல் நடந்துபோகும் ஒரு மோட்டார் புரதம் அதைச் சுமந்து செல்கிறது. ஆகவே, சேயிடம்தான் ஆஷ்1 அதிகம் சேரும், அங்கேதான் எச்.ஓ. அடங்கியிருக்கும்.

8. எந்த மூலப்படியை எடுப்பது?

ஏ செல் மாற வேண்டுமானால் ஆல்ஃபா மூலப்படியைத்தான் எடுக்க வேண்டும். தவறி ஏ மூலப்படியை எடுத்தால், ஏ போய் ஏ வரும். பட்ட பாடு வீண்.

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் பாதிக்குப் பாதி வீணாகும். ஈஸ்ட் அப்படி எடுப்பதில்லை. ஏ செல் பத்தில் ஏறக்குறைய ஒன்பது முறை எச்.எம்.எல். இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறது. இத்தனைக்கும் எச்.எம்.எல். மேட் இடத்திலிருந்து சுமார் 1,90,000 எழுத்துத் தொலைவில் இருக்கிறது, எச்.எம்.ஆர். அதில் பாதித் தொலைவில்தான். பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டுத் தூரத்தில் இருப்பதைத் தேடிப் போகிறது.

அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஹேபரின் குழு இதற்கான காரணத்தைக் கண்டுபிடித்தது. குரோமோசோமின் இடக் கையில், எச்.எம்.எல். பக்கத்தில் ஒரு ‘தூண்டுபகுதி’ இருக்கிறது. ஏ செல்லில் அது செயல்படும் நிலையில் இருந்து இடக் கை முழுவதையும் நகலெடுப்புக்கு ஏற்றதாக வைக்கிறது. ஆல்ஃபா செல்லில், மேட் இடத்திலிருந்து வரும் ஆல்ஃபா புரதமே அதை அணைத்துவிடும். அப்போது எச்.எம்.ஆர். தேர்வாகும். இப்போது தான் யார் என்பதே, அடுத்து எதை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறது.

9. என் வரியைத் திருத்துகிறேன்

இனி அந்தப் பழைய வரிக்கு வருவோம். ‘மரபணு மாற்றம்’ என்னும் தொடரைத் தமிழில் பல பொருளில் பயன்படுத்துகிறோம். தற்செயலாக நடக்கும் திடீர் மாற்றத்துக்கும் அதே சொல், மனிதன் ஆய்வுக்கூடத்தில் மாற்றிய பயிருக்கும் அதே சொல். என் வரியைப் படித்த மாணவன் திடீர் மாற்றம் என்று எடுத்துக்கொண்டான். அவன்மேல் தவறில்லை.

திருத்திய வரி இது: ‘ஈஸ்ட் செல், தன் குரோமோசோமில் மௌனமாக இருக்கும் இரண்டு மூலப்படிகளில் ஒன்றை நகலெடுத்து, மேட் இடத்தில் இருந்த பழைய தகவலுக்குப் பதிலாக அதைப் பதித்து, தன் இணைவு வகையை மாற்றிக்கொள்கிறது.’

நீளம் கூடிவிட்டது, தெரியும். ஆனால் மாணவன் கேட்ட கேள்விக்கு இப்போது வரியிலேயே விடை இருக்கிறது. பழையது போய்விட்டதா? மேட் இடத்தில் போய்விட்டது. திரும்பி வருமா? வரும், மூலப்படி பத்திரமாக இருப்பதால்.

கருத்து விளக்கக் கட்டுரையில் ‘மாற்றம்’ என்று எழுத நேர்ந்தால், மாணவர்களே, மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எது மாறுகிறது? எது மாறவில்லை? மாற்றத்தை எது தீர்மானிக்கிறது? மூன்றுக்கும் பதில் எழுதினால் பத்தி தானாக நிறையும். அலங்காரத் தொடர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அறிவியலைத் தமிழில் சொல்ல முடியாது என்று சில மாணவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்த வகுப்பில் கிடைத்த பாடம் வேறு. எனக்கே புரியாமல் இருந்தவரை எந்தச் சொல்லும் கைகொடுக்கவில்லை. புரிந்தபிறகு ‘மூலப்படி’, ‘நகல்’, ‘மௌனம்’ என்று நமக்குத் தெரிந்த சொற்களே போதுமானவையாக இருந்தன.

கலைச்சொற்கள்

ஒற்றைமயம் – ஒவ்வொரு குரோமோசோமிலும் ஒரு படி மட்டும் உள்ள நிலை.
இரட்டைமயம் – ஒவ்வொரு குரோமோசோமிலும் இரண்டு படிகள் உள்ள நிலை.
இணைவு வகை – எந்தச் செல்லோடு இணையலாம் என்பதைத் தீர்மானிக்கும் அடையாளம். ஈஸ்ட்டில் ஏ, ஆல்ஃபா.
நொதி – செல்லில் வேதி வினைகளை விரைவாக நடத்தும் புரதம்.
ஹிஸ்டோன் – டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரதம்.
குரோமாட்டின் – டி.என்.ஏ.வும் ஹிஸ்டோன் முதலிய புரதங்களும் சேர்ந்த பொருள்.
திடீர் மாற்றம் – டி.என்.ஏ. எழுத்து வரிசையில் தற்செயலாக ஏற்படும் மாற்றம்.

பயிற்சி வினாக்கள்

1. ஏ, ஆல்ஃபா வகைகளை ‘ஆண், பெண்’ என்று குறிப்பிடுவது ஏன் பொருந்தாது?
2. பழுதான ஆல்ஃபா மரபணு நல்லதாகத் திரும்பி வந்த சோதனை எதை உறுதிப்படுத்தியது?
3. ஓரத்தில் உள்ள இரண்டு இடங்களும் மூடியிருப்பதால் கிடைக்கும் இரண்டு பயன்களை எழுதுக.
4. கேசட் உவமை எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை? 60 சொற்களுக்குள் விளக்குக.
5. அடுத்த வாரம் நான் இதையெல்லாம் விளக்கி முடித்ததும் அதே மாணவன் மறுபடியும் கையைத் தூக்கினான். “அப்போ டீச்சர், பிழை மேட் இடத்துல இல்லாம மூலப்படியிலேயே வந்துட்டா?” அவனுக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? கட்டுரையில் உள்ள செய்திகளைக் கொண்டு காரணம் காட்டி எழுதுக.